விளக்கும் திரியும்: நுரையீரல் நோயும் உடல் தேய்வும்

நுரையீரலைப் பற்றும் நோய்க்கு முன்னோர் இட்ட பெயர்கள் பலவும் நுரையீரலைச் சுட்டவில்லை. உடலின் தேய்வையே சுட்டின. கிரேக்கர் 'ஃப்திஸிஸ்' என்றனர்; தேய்தல் என்பது அதன் பொருள். வடமொழியின் 'க்ஷயம்' என்பதும் அதுவே. தமிழோ 'என்புருக்கி' என்றது. அரபு மருத்துவர்கள் நுரையீரல் புண்ணை 'ஸில்' என்றும், அதனோடு சேர்ந்து உடலை உருக்கும் காய்ச்சலை 'திக்' என்றும் அழைத்தனர். பின்னதன் வேர்ச்சொல்லில் மெலிவு என்னும் பொருளே பொதிந்துள்ளது.

மருத்துவ மேதை இப்னு ஸீனா (980–1037) தமது 'அல்கானூன் ஃபித் திப்' நூலில் இக்காய்ச்சலை மூன்று படிகளாகப் பிரித்து, எரியும் விளக்கை உவமையாக்குகிறார். முதலில் அகலிலுள்ள எண்ணெய் எரிகிறது. அடுத்து, திரி உறிஞ்சியிருந்த எண்ணெய் தீர்கிறது. இறுதியில் திரியே எரியத் தொடங்குகிறது. 12ஆம் நூற்றாண்டில் கிரெமோனா நகரத்து ஜெரார்டு இந்நூலை தொலைதோவில் இலத்தீனில் பெயர்த்தார். அதன்பின் ஐரோப்பிய மருத்துவ மாணவரும் நெடுங்காலம் இதனைப் பயின்றனர்.

1882இல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். 'ஸில்' என்பதன் காரணம் புலப்பட்டது. ஆயினும் தேய்வின் கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. 20ஆம் நூற்றாண்டில் புகைப்பழக்கத்தால் பெருகிய நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், காசநோயினின்று முற்றிலும் வேறானது. ஆனால் அதுவும் உடலைத் தேய்த்தது. அந்த மெலிவை மருத்துவர்கள் நெடுநாள் நோயாளியின் ஒரு சாயலாகவே கருதினர். மாற்றத்தக்க ஒன்றாகக் கருதவில்லை.

இக்கருத்து நெதர்லாந்து ஆய்வாளர்களால் அசைக்கப்பட்டது. உடலின் கொழுப்பையும் கொழுப்பற்ற திசுவையும் பிரித்தளந்து அவர்கள் 1993இல் வெளியிட்ட ஆய்வு, எடை குறையாத நோயாளிகளிலும் சிலருக்குத் தசை கரைந்திருந்ததைக் காட்டியது. 2004இல் வெளியான 'போட்' குறியீடு, மூச்சுத்திறனோடு உடல் நிறை எண்ணையும் நோயின் கடுமையை அளக்கும் கூறாக ஏற்றது. 2006இல் வெளிவந்த கோபன்ஹேகன் ஆய்விலோ, இயல்பான உடல் நிறை எண் கொண்ட நோயாளிகளிலேயே ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குக் கொழுப்பற்ற உடல் நிறை மிகக் குறைந்திருந்தது. அத்தகையோரிடம் இறப்பும் மிகுந்திருந்தது.

இப்னு ஸீனா பேசியது காய்ச்சலைப் பற்றி. இன்றைய ஆய்வு பேசுவது அழற்சி, அசைவின்மை, போதா உணவு ஆகியவற்றைப் பற்றி. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது அறிவுக்கு நேர்மை ஆகாது. எனினும் எண்ணெயையும் திரியையும் வேறுபடுத்திக் கண்ட அப்பார்வை இன்றும் பயன்படுகிறது. 'எடை குறையவில்லையே' என்று வீட்டார் ஆறுதல் கொள்ளும் வேளையில், நோயாளி நாற்காலியிலிருந்து எழக் கையூன்றுகிறார், படியேறத் தயங்குகிறார். தராசு அதனைக் காட்டாது.

விளக்குத் திரி கருகினால் மீளாது. மனிதத் தசையோ முறையான பயிற்சியாலும் போதிய உணவாலும் ஓரளவேனும் மீளும். பழைய உவமையை நாம் திருத்திக்கொள்ள வேண்டிய இடமும், நம்பிக்கை கொள்ள வேண்டிய இடமும் இதுவே.