பெயர் உண்டு, வேலி இல்லை: சி மொழியில் எண்ணிட்ட தரவினத்தின் வரலாறு

சி மொழிப் பாடநூல்களில் எண்ணிட்ட தரவினத்துக்குப் பெரும்பாலும் அரைப்பக்கமே ஒதுக்கப்படுகிறது. 'முழுஎண் மாறிலிகளுக்குப் பெயர் சூட்டும் வசதி' என்றொரு வரையறை, ஞாயிறு 0, திங்கள் 1 எனத் தொடங்கிச் சனி 6 என முடியும் ஓர் எடுத்துக்காட்டு, அவ்வளவே. ஆனால் கிழமை என அறிவிக்கப்பட்ட மாறியில் ஒரு மாணவர் 42 என்ற எண்ணை இட்டால், நிரல்பெயர்ப்பி பொதுவாக மறுப்பேதும் சொல்லாமல் ஏற்றுக்கொள்கிறது. 42ஆம் கிழமை என ஒன்று இல்லாதபோது இதை ஏன் ஏற்கிறது என்ற கேள்விக்கு வரையறையில் விடை கிடைக்காது. வரலாற்றில்தான் தேட வேண்டும்.

சி மொழியின் மூதாதையரான பி.சி.பி.எல். (மார்ட்டின் ரிச்சர்ட்ஸ், 1967), பி (கென் தாம்சன், 1969-70) ஆகிய இரு மொழிகளிலும் தரவினம் என்ற கருத்தே இல்லை. கணினியின் 'சொல்' எனப்படும் நினைவக அலகு ஒன்றே அவற்றுக்குத் தெரிந்த பொருள். அச்சொல்லில் இருப்பது எண்ணா, எழுத்தா, முகவரியா என்பதை நிரலர்தான் நினைவில் கொள்ள வேண்டும். பெல் ஆய்வகத்துக்குப் பி.டி.பி.-11 கணினி வந்தபோது அதில் எழுத்துகளைத் தனித்தனி பைட்டாகக் கையாள வேண்டிய தேவை எழுந்தது. அத்தேவையை ஒட்டியே டென்னிஸ் ரிட்சி 1971 முதல் 1973 வரையிலான ஆண்டுகளில் பி மொழிக்குத் தரவினங்களைச் சேர்த்துச் சி மொழியை உருவாக்கினார். ஆகவே சி மொழியில் தரவினம் என்பது முதன்மையாக ஒரு பொருள் நினைவகத்தில் எவ்வளவு இடம் கொள்ளும், அதை எவ்வாறு படிக்க வேண்டும் என்பது பற்றிய குறிப்பாகும். ஒரு பொருள் எந்தெந்த மதிப்புகளை ஏற்கலாம் என்று வரம்பிடுவது அதன் முதல் நோக்கமாக இருக்கவில்லை.

அதே காலத்தில் ஐரோப்பாவில் இன்னொரு மரபு வளர்ந்துகொண்டிருந்தது. நிக்லாஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பாஸ்கல் மொழியில் நிரலரே பெயர்களை வரிசையிட்டுப் புதிய தரவினம் ஒன்றை உருவாக்க முடிந்தது. டால், டைக்ஸ்ட்ரா, ஹோர் ஆகிய மூவரும் 1972இல் வெளியிட்ட கட்டமைப்பு நிரலாக்க நூலில், ஹோர் எழுதிய பகுதி இவ்வகைத் தரவினத்துக்கு ஒரு கோட்பாட்டு அடித்தளத்தை அளித்தது. தரவினம் என்பது மதிப்புகளின் தொகுதி. அத்தொகுதிக்கு வெளியே உள்ள எதுவும் அதற்குள் நுழைய இயலாது என்பதே அக்கோட்பாட்டின் சாரம். பாஸ்கலில் கிழமை மாறிக்கு எண்ணை அளித்தால் நிரல் பெயர்க்கப்படாது. கிழமையின் வரிசை எண்ணைக் கேட்டுப் பெறலாமே தவிர, கிழமையும் எண்ணும் ஒன்றாகிவிடா. இங்கே தரவினம் ஒரு வேலி.

இந்த இரு மரபுகளும் 1978இல் சந்தித்தன. அவ்வாண்டில் வெளிவந்த கெர்னிகன், ரிட்சி ஆகியோரின் நூலின் முதற்பதிப்பில் எண்ணிட்ட தரவினம் இடம்பெறவில்லை. அதுவரை மாறிலிகளுக்குப் பெயரிட முன்செயலியே பயன்பட்டது. நிரல்பெயர்ப்பி பார்ப்பதற்கு முன்பே பெயரை நீக்கி அவ்விடத்தில் எண்ணைப் பதிலிடுவது முன்செயலியின் வேலை. எனவே நிரல்பெயர்ப்பி அப்பெயரை அறிவதே இல்லை. நூல் வெளிவந்த அதே ஆண்டு நவம்பர் 15 எனத் தேதியிட்ட ஒரு சிறு குறிப்பு, மொழியில் நேர்ந்த அண்மை மாற்றங்களை அறிவித்தது. கட்டமைப்புகளை ஒட்டுமொத்தமாக மதிப்பிருத்தும் வசதி ஒன்று. எண்ணிட்ட தரவினம் மற்றொன்று. பாஸ்கலில் உள்ளதை ஒத்தது என்றே அக்குறிப்பு இதனை அறிமுகப்படுத்துகிறது.

அக்குறிப்பை வாசிப்போர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. எண்ணிட்ட தரவினம் ஒவ்வொன்றும் பிறவற்றிலிருந்து வேறுபட்டது என அது சொல்கிறது. அவ்வேறுபாடு மீறப்பட்டால் சுட்டிக்காட்டும் பொறுப்பை 'லின்ட்' என்ற தனிக்கருவியிடம் ஒப்படைக்கிறது. பி.டி.பி.-11இன் நிரல்பெயர்ப்பியோ அம்மாறிகளைச் சாதாரண முழுஎண்களாகவே நடத்தும். பாஸ்கலில் மொழியே எழுப்பிய வேலியைச் சி மொழி தனக்கு வெளியே, விரும்பினால் மட்டும் இயக்கக்கூடிய ஒரு கருவியில் வைத்தது. மறதியால் நேர்ந்த குறையாக இதைக் கொள்ள இயலாது. சரிபார்ப்பது யாருடைய கடமை என்ற கேள்விக்கு ஒரு மொழி தந்த விடை இது. இந்தத் தரவினத்தைக் குறிக்கும் சிறப்புச்சொல்லைத் தமிழில் ஒலிபெயர்த்தால் 'எனும்' என்றும் எழுதலாம். ஒலியொப்புமை தற்செயலானதே, ஆயினும் 'ஞாயிறு எனும் 0' என்பதற்கு மேல் அது எதையும் உறுதியளிப்பதில்லை.

அடுத்து வந்த ஆண்டுகளில் நிரல்பெயர்ப்பிகள் ஒன்றுபோல் நடந்துகொள்ளவில்லை. எண்ணிட்ட மாறியைக் கூட்டவோ ஒப்பிடவோ முயன்றால் சில கடிந்துகொண்டன; சில கண்டுகொள்ளவில்லை. 1983இல் அமைக்கப்பட்ட அமெரிக்கத் தரப்படுத்தல் குழு 1989இல் வெளியிட்ட தரநிலை இக்குழப்பத்தை முழுஎண்ணின் பக்கமாகத் தீர்த்து வைத்தது. பட்டியலில் உள்ள பெயர்கள் முழுஎண் மாறிலிகள். அத்தரவினத்து மாறியோ ஏதேனும் ஒரு முழுஎண் வகைக்கு இணையானது. அது எந்த வகை என்பதை நிரல்பெயர்ப்பியே தேர்ந்துகொள்ளலாம்.

இத்தீர்ப்பின் விளைவுகளை இன்றும் ஆய்வகங்களில் காணலாம். எதிர்ம எண் எதுவும் இடம்பெறாத பட்டியலின் மாறிக்கு ஜி.சி.சி. நிரல்பெயர்ப்பி பொதுவாகக் குறியற்ற முழுஎண் வகையைத் தேர்கிறது. அம்மாறியைச் சனியிலிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்து, '0க்குக் குறையாதவரை' எனச் சுழல் எழுதினால் அச்சுழல் ஒருபோதும் முடியாது. குறியற்ற எண் 0க்குக் கீழே செல்வதில்லை. அவ்வாறே, எண்ணிட்ட மாறிகளை இயன்றவரை சிறிய இடத்தில் அடக்கும் தெரிவுடன் ஒரு கோப்பையும், அத்தெரிவின்றி மற்றொரு கோப்பையும் பெயர்த்து இணைத்தால், இரண்டும் பகிரும் கட்டமைப்பின் அளவு இருபுறமும் வேறுபட்டு நிற்கக்கூடும்.

முன்செயலியின் இடத்தையும் இத்தரவினம் முழுமையாகக் கைப்பற்றவில்லை. யூனிக்சின் பிழை எண்கள் அதற்குச் சான்று. 'அப்படியொரு கோப்போ கோப்புறையோ இல்லை' என்பதைக் குறிக்கும் 2 உள்ளிட்ட பிழை எண்களின் பெயர்கள் இன்றளவும் முன்செயலிப் பெயர்களாகவே இருக்கின்றன. ஒரு பெயர் வரையறுக்கப்பட்டுள்ளதா என முன்செயலியால் கேட்க முடியும். எண்ணிட்ட தரவினத்தின் பெயர்களோ அதன் கண்ணில் படுவதில்லை.

பெல் ஆய்வகத்திலேயே பியார்ன் ஸ்ட்ரௌஸ்ட்ரப் உருவாக்கிய சி++ வேறு வழியில் சென்றது. 1998ஆம் ஆண்டுத் தரநிலையில், எண்ணிட்ட மாறியிலிருந்து முழுஎண்ணுக்குத் தானாகச் செல்லலாம். முழுஎண்ணிலிருந்து எண்ணிட்ட மாறிக்குத் திரும்ப வெளிப்படையான இனமாற்றம் வேண்டும். 2011இல் வந்த புதிய வடிவம் போகும் வழியையும் அடைத்தது; பெயர்களையும் தத்தம் தரவினத்துக்குள் அடக்கியது. ஜாவா மொழி எண்ணிட்ட தரவினம் இல்லாமலே தொடங்கி, 2004இல் அதனை முழுமையான வேலியுடன் ஏற்றது.

இதைக் கொண்டு, வரலாறு வேலியை நோக்கியே நடந்திருக்கிறது என்று முடிவுகட்டிவிடலாமா? கூடாது என்பதற்குச் சான்று விர்த்தே. பாஸ்கலில் இத்தரவினத்தை வேரூன்றச் செய்த அவர், 1988இல் ஓபரான் மொழியை வெளியிட்டபோது அதனை நீக்கிவிட்டார். ஒரு கூறில் மூடப்பட்ட பட்டியலை இன்னொரு கூறிலிருந்து விரிவாக்க முடியாது என்பதும், வரைமுறையின்றிப் பயன்படுத்தினால் தரவினங்கள் பெருகிவிடும் என்பதும் அவர் காட்டிய காரணங்கள். வேலிக்கும் விலை உண்டு.

2024இல் ஐ.எஸ்.ஓ. வெளியிட்ட சி மொழியின் அண்மைத் தரநிலை, எண்ணிட்ட தரவினம் எந்த முழுஎண் வகையின் மேல் அமைய வேண்டும் என்பதை நிரலரே அறிவிக்க இடமளிக்கிறது. சி++ மொழியில் முன்பே இருந்த வசதி இது. ஆனால் அம்மொழியின் அடைத்த வடிவத்தைச் சி இப்போதும் ஏற்கவில்லை. 1978இலிருந்து 46 ஆண்டுகள் கழித்தும், எவ்வளவு இடம் என்ற கேள்விக்குத்தான் புதிய விடை சேர்ந்திருக்கிறது. எந்த மதிப்புகள் என்ற கேள்விக்கு அல்ல.

சி மொழியின் எண்ணிட்ட தரவினத்தை அரைகுறைப் பாஸ்கல் எனக் கருதிக் கற்பிப்பதை நாம் கைவிடலாம். சரிபார்ப்பைக் கருவியிடமும் மனிதரிடமும் ஒப்படைத்த ஒரு முடிவாக அதனைக் கற்பித்தால், அம்முடிவு நம்மிடம் என்ன கேட்கிறது என்பதும் மாணவருக்கு விளங்கும். லின்ட் செய்த வேலையின் ஒரு பகுதியை இன்றைய நிரல்பெயர்ப்பிகளின் எச்சரிக்கைகள் செய்கின்றன. கிழமைகளைப் பிரித்தாளும் தேர்வுக் கூற்றில், 'மற்றவை அனைத்தும்' என்ற இறுதிக் கிளையை விட்டுவிட்டு ஏழு கிழமைகளையும் பெயர் சொல்லி எழுதச் செய்யுங்கள். எச்சரிக்கைகளையும் இயக்கச் சொல்லுங்கள். பட்டியலில் நாளை ஒரு பெயர் கூடினால், விடுபட்ட கிளையை நிரல்பெயர்ப்பி சுட்டிக்காட்டும். 42 வந்தால் என்ன செய்வது என்பதை அக்கூற்றுக்கு வெளியே நிரலரே சோதித்தாக வேண்டும். அந்தப் பொறுப்பு 1978இலேயே நம்மிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது.