தோல்வி என்னும் கவாத்து

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கிய நாள்தொட்டு, தமிழர் கைகள் நன்கறிந்த பணியொன்று உண்டு. அதுவே கவாத்து. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியின் தழைத்த கிளைகளையெல்லாம் வெட்டிவிடுவர். வெட்டிய நிரை பார்ப்பதற்குப் பட்ட காடுபோல் தோன்றும். சில திங்களில் புதுக்கொழுந்து எழும். ஆயினும் வெட்டுவதால் மட்டும் செடி தழைத்துவிடாது. உரமும் ஓய்வும் காவலும் வேண்டும். விளையாட்டுக் களத்தில் நேரும் தோல்வியும் இத்தகையதே.

தோற்றோரை மதிக்கும் பண்பு தமிழர்க்குப் புதிதன்று. வெண்ணிப் போரில் முதுகிற் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்து உயிர் துறந்தான். வென்ற கரிகாலனிடமே அச்சேரனின் உயர்வை எடுத்துரைத்தவர் வெண்ணிக்குயத்தியார் என்னும் பெண்பாற் புலவர். புறநானூறு தரும் செய்தி இது. அன்று தோல்வியின் முடிவு மானச் சாவு. இன்றோ அது மறுமுயற்சியின் தொடக்கமாதல் கூடும்.

கேமரன் மலைக்கு ஏறும் பாதையின் அடிவாரமாகிய தாப்பாவில் 1943இல் பிறந்தவர் ஓட்ட வீராங்கனை ம. இராஜமணி. 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் மகளிர்க்கான 400 மீட்டர் ஓட்டம் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, மலேசியாவின் சார்பில் ஓடி, தொடக்கச் சுற்றிலேயே வெளியேறினார். ஈராண்டு கழித்து, 1966இல், பாங்காக் ஆசிய விளையாட்டில் அதே தொலைவில் பொன்பதக்கம் வென்றார்.

ஒருவர் தம் தோல்வியைத் தாமே வென்ற கதை இது. ஓர் அணி முழுவதும் தோற்றுத் தேறிய வரலாறோ இன்னும் நீண்டது. இந்திய மகளிர் கிரிக்கெட் அணியின் இருபது ஆண்டுகள் அதற்குத் தக்க சான்று.

தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மிதாலி ராஜின் தலைமையில் அவ்வணி 2005இல் முதன்முறையாக உலகக் கிண்ண இறுதியாட்டத்தை எட்டியது. தென்னாப்பிரிக்காவின் செஞ்சூரியனில் ஆஸ்திரேலியாவிடம் 98 ஓட்டங்களில் தோற்றது. அத்தோல்வியைக் கண்டோர் சிலர். கலங்கினோர் அதனினும் சிலர். மகளிர் கிரிக்கெட்டு இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் பொறுப்பில் வந்ததே மறு ஆண்டில்தான்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், 2017 ஜூலை 23 அன்று, இலண்டன் லார்ட்ஸ் திடலில் மீண்டும் இறுதியாட்டம். இங்கிலாந்து எடுத்தது 228 ஓட்டங்கள். இந்தியா 3 விக்கெட் இழப்பிற்கு 191 என்னும் நிலையில் இருந்தது. வெற்றி கைக்கெட்டும் தொலைவில் நின்றது. அந்நிலையில் எஞ்சிய 7 விக்கெட்டுகளும் 28 ஓட்டங்களுக்குள் சரிந்தன. 9 ஓட்டங்களில் தோல்வி. முன்னையதினும் இதுவே கொடிது. எதிரியின் வலிமையால் மட்டுமன்றித் தம் பதற்றத்தாலும் நேர்ந்தது.

எனினும் இம்முறை நாடே பார்த்துக்கொண்டிருந்தது. வீராங்கனையரின் பெயர்கள் இல்லந்தோறும் அறிமுகமாயின. உடனே எல்லாம் மாறிவிடவில்லை. 2020இல் மெல்பர்னில் இருபது ஓவர் உலகக் கிண்ண இறுதியாட்டத்திலும் தோல்வியே கிட்டியது. ஆனால் உரமிடும் பணி நடந்தது. 2022இல் ஆடவர்க்கு நிகரான ஆட்ட ஊதியம் அறிவிக்கப்பட்டது. 2023இல் மகளிர்க்கெனத் தனித் தொழில்முறைத் தொடர் பிறந்தது. நெருக்கடியான தருணங்களை ஆண்டுதோறும் சந்திக்கும் வாய்ப்பு இளம்பெண்களுக்கு வாய்த்தது.

2025 உலகக் கிண்ணத்திலும் சோதனை வந்தது. தொடக்கச் சுற்றில் அடுத்தடுத்து மூன்று தோல்விகள். இந்தூரில் இங்கிலாந்திடம் தோற்றது வெறும் 4 ஓட்டங்களில். பழைய பதற்றம் மீண்டதோ என ஐயுறத்தக்க தோல்வி அது. ஆனால் அரையிறுதியில் ஆஸ்திரேலியா வைத்த 339 என்னும் இலக்கை அவ்வணி கலங்காது எட்டியது. ஜெமிமா ரோட்ரிக்ஸ் 127 ஓட்டங்களுடன் இறுதிவரை நின்றார். நவம்பர் 2 அன்று நவி மும்பையில் தென்னாப்பிரிக்காவை 52 ஓட்டங்களில் வென்று கிண்ணம் ஏந்தியது. அணித்தலைவி ஹர்மன்பிரீத் கவுர், ஸ்மிருதி மந்தனா, தீப்தி சர்மா ஆகியோர் லார்ட்ஸ் தோல்வியை நேரில் சுமந்தவர்கள். வென்றோர் அக்கிண்ணத்தை ஓய்வுபெற்ற மிதாலி ராஜ், ஜூலன் கோஸ்வாமி ஆகியோர் கைகளிலும் கொடுத்து மகிழ்ந்தனர். முன் தோற்றோரின் பங்கும் அவ்வெற்றியில் உண்டென்பதை அச்செயல் உணர்த்திற்று.

தோல்வியே வெற்றிக்குப் படி என்பர். அக்கூற்று பாதி உண்மையே. 2005இன் தோல்வியும் தோல்விதான். அது தானாக எதையும் வளர்க்கவில்லை. தோற்றவரைக் கைவிடாத பயிற்சியும், பொறுப்பேற்கும் அமைப்பும், மறுமுறை களமிறங்கும் வாய்ப்பும் கூடியபோதுதான் தோல்வி படியாயிற்று.

தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. மலைப்பள்ளி மாணவியர் வலைப்பந்துப் போட்டியொன்றில் தோற்றுக் கண்ணீருடன் திரும்புவராயின், அவர்தம் ஆசிரியர்க்கு இவ்வரலாறு கூறுவது ஒன்றுண்டு. ஆறுதல் மொழி அன்றைய மாலைக்குப் போதும். மறுநாள் காலை திடல் திறந்திருக்க வேண்டும். பந்து காத்திருக்க வேண்டும். தவறிய இடத்தைக் கடிந்துரைக்காது காட்டித்தர ஒருவர் அங்கே நிற்க வேண்டும். கவாத்து முடிந்த நிரையைக் கைவிட்ட தோட்டம் எதுவும் கொழுந்து கண்டதில்லை.