கமான் பட்டையும் ஜீப்பின் முன்சக்கரமும்

கட்டை வண்டிக்கும் வில்வண்டிக்கும் உள்ள வேறுபாட்டைக் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்து முதியவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் இடுப்பே சொல்லும். அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகள் இருந்தால் அது வில்வண்டி. அதே பட்டைகளை மோட்டார் பட்டறைகளில் 'கமான்' என்பர். பாரசீகத்தில் கமான் என்றாலும் வில்தான். இலண்டனைச் சேர்ந்த ஒபதையா எலியட் 1804ஆம் ஆண்டில் நீள்வட்ட வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். அதில் பாதியை வெட்டியெடுத்தாற் போன்ற அரைவில்லே 1941ஆம் ஆண்டின் வில்லிஸ் ஜீப்பில் நான்கு சக்கரங்களையும் தாங்கியது. 1940களின் இறுதியில் பம்பாயில் மகிந்திரா நிறுவனம் பூட்டத் தொடங்கிய ஜீப்புகளிலும் அதுவே இருந்தது.

போருக்காகப் பிறந்த வண்டிக்கு இந்தப் பழைய வில் ஏன்? காரணம் எளிது. கமான் பட்டை மூன்று வேலைகளைச் செய்கிறது. எடையைத் தாங்குகிறது. அச்சு முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகராமல் பிடித்துக்கொள்கிறது. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால் குலுக்கலையும் ஓரளவு அடக்குகிறது. ஒரு பட்டை முறிந்தால் ஊர்க் கொல்லரே மாற்றிவிடலாம். இதைப் பிற்போக்கு என்று ஒதுக்குவது சரியன்று.

குறைகளும் உண்டு. இரு சக்கரங்களையும் ஒரே அச்சு இணைப்பதால், ஒன்று கல்லில் ஏறினால் மற்றதும் சாய்கிறது. சுழலும் பம்பரத்தைச் சாய்த்தால் அது வேறு திசையில் திரும்பப் பார்க்கும் அல்லவா? அதுபோலவே சாயும் சக்கரமும் ஸ்டியரிங்கைத் திருப்ப முயல்கிறது. வேகத்தில் முன்சக்கரம் படபடப்பதற்கு இது ஒரு காரணம். மேலும், பழைய ஜீப்பில் முன்வில்லின் பின்முனை நிலையானது. முன்முனை ஷேக்கிள் என்னும் ஊசலாடும் இணைப்பில் தொங்குகிறது. மேட்டில் மோதியதும் வில் நிமிர்ந்து நீள, அச்சு முன்னோக்கி, அதாவது மேட்டை நோக்கியே நகர்கிறது! இடி முழுவதும் ஓட்டுபவர் கைக்கு வந்து சேரும்.

ஆகவே ஜீப் பிரியர் சிலர் ஷேக்கிளைப் பின்முனைக்கு மாற்றிப் பற்றவைப்பதுண்டு. அப்போது அச்சு பின்னோக்கி நகரும், இடி குறையும். ஆனால் முன்னச்சுக்குச் சுழற்சி தரும் தண்டு சுருங்கி நீள இன்னும் அதிக இடம் தேவைப்படும். ஸ்டியரிங் தண்டின் கோணமும் கெடலாம். கெட்டால், பள்ளத்தில் இறங்கும்போதே வண்டி தானாகத் திரும்பும். கமானைக் கழற்றிச் சுருள்வில் வைப்பது இன்னும் பெரிய வேலை. சுருள்வில் எடையை மட்டுமே தாங்கும். அச்சைப் பிடிக்கத் தனித் தண்டுகளும், குலுக்கலை அடக்கத் தனி ஷாக் அப்சார்பரும் வேண்டும். அந்தத் தண்டுகளின் பற்றவைப்பில்தான் வண்டியிலிருப்போர் உயிர் இருக்கிறது. தயாரிப்பாளரின் அமைப்பை இஷ்டம்போல் மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுப்பதில் நியாயம் உண்டு என்பேன்.

ஒவ்வொரு முன்சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு புதிதன்று; 1934இல் பிரான்சின் சித்ரோவன் கார் முறுக்குத்தண்டுகளுடன் அப்படித்தான் வந்தது. மகிந்திராவின் தார் ஜீப்பின் முன்பக்கத்தில் 2010இல் முறுக்குத்தண்டு அமைந்தது. பின்னே கமான் நீடித்தது. 2020இல் வந்த அடுத்த தார் செங்கல்பட்டு அருகிலுள்ள அந்நிறுவன ஆராய்ச்சி மையத்தில் உருவானது. அதன் ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் மேலும் கீழும் இரு கைகள், நடுவே சுருள்வில். பின்பக்கம் மட்டும் சுருள்வில்லோடு கூடிய ஒற்றை அச்சு. பாறைகளில் ஒரு சக்கரம் மேலே தள்ளப்படும்போது அந்த அச்சே மறு சக்கரத்தைத் தரையில் அழுத்துகிறது. 2023இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த மாருதி ஜிம்னியிலோ முன்பக்கமும் ஒற்றை அச்சுத்தான். அதை முன்பின்னாகப் பிடிக்க இரண்டு கைகள், பக்கவாட்டில் பிடிக்க ஒரு தண்டு.