பாலியின் கோப்பு

லூசி டிலேனி என்ற கறுப்பினப் பெண் 1890களின் தொடக்கத்தில் தன் வாழ்க்கையைச் சின்னப் புத்தகமாக எழுதினார். அதில் அவருடைய அம்மாவின் பெயர் பாலி க்ராக்கெட். மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நீதிமன்றக் கோப்பில் அதே அம்மா பாலி வாஷ். இல்லினாயில் சுதந்திரமாகப் பிறந்தவரைக் கடத்திக்கொண்டுபோய் விற்றார்கள் என்கிறது புத்தகம். அடிமையாகவே பிறந்தவரை உரிமையாளர் இல்லினாயில் கொஞ்ச காலம் வைத்திருந்தார் என்கிறது கோப்பு.

டேட்டாபேஸோடு மாரடிப்பவனுக்கு இது பழகிய தலைவலிதான். ஒரே ஆள், இரண்டு பெயர், இரண்டையும் சேர்க்க ஒரு எண்கூட இல்லை.

அமெரிக்காவில் சாதாரண மனிதர்களின் வழக்கு பெரும்பாலும் கவுண்டி அளவிலான நீதிமன்றத்தில்தான் தொடங்கும். கவுண்டியை நம்மூர் மாவட்டம் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். அங்கே நீதிபதி வருவார், போவார். காகிதம் கிளார்க்கிடம் இருக்கும். மனு வந்தால் பதிவு, ஷெரிஃப் கையில் சம்மன், சாட்சி வாக்குமூலம், தீர்ப்பு. எல்லாவற்றையும் மடித்து ஒரே கட்டாக வைத்துவிடுவார்கள். யார் மேலும் இரக்கப்பட்டு அல்ல, நடைமுறை அப்படி.

அந்த நடைமுறைக்குள் அடிமைகளும் நுழைய முடிந்தது. 1824 மிசூரி சட்டப்படி, தான் அடிமையல்ல என்று கருதுபவர் ஏழை வாதியாக வழக்காட அனுமதி கேட்கலாம். வழக்கின் வடிவம் விசித்திரமானது. 'எனக்கு விடுதலை கொடுங்கள்' என்று கேட்கக்கூடாது. 'இவர் என்னை அடித்தார், சட்டவிரோதமாக அடைத்துவைத்தார்' என்று உரிமையாளர் மேல் வழக்குப் போட வேண்டும். அடிமையை அடிப்பது அன்றைய சட்டத்தில் அந்தக் குற்றம் ஆகாது. ஆக, ஜூரி 'குற்றம்தான்' என்று சொன்னால் அடிபட்டவர் சுதந்திரமானவர். எந்த வக்கீலுக்குத் தோன்றியதோ!

சுதந்திர மாநிலத்தில் வாழ வைக்கப்பட்டவர் திரும்பிவந்தாலும் சுதந்திரமானவரே என்று மிசூரி உச்ச நீதிமன்றமும் அதே 1824இல் சொல்லியிருந்தது. 1839இல் பாலி வழக்குப் போட்டார். 1843இல் ஜெயித்தார். தீர்ப்பு வரும்வரை சும்மா இருக்கவில்லை; 1842இலேயே மகளுக்காகவும் தனியாக ஒரு வழக்கு. தாயின் நிலையே பிள்ளையின் நிலை என்பது அடிமைமுறையைக் கொழுக்கவைத்த விதி. பாலி அதையே திருப்பிப் பிடித்தார். தன் தீர்ப்பு மகளுக்குச் சாட்சி. ஆனால் வழக்கு முடியும்வரை பதினேழு மாதம் சிறையில் கிடந்ததாக லூசி எழுதுகிறார். அவர் அப்போது சிறுமி.

ஜெயித்தாலும் மிசூரியில் வாழ லைசன்ஸ் வேண்டும். அதைக் கொடுக்கும் அமைப்பின் பெயர் 'கவுண்டி கோர்ட்'. சாலை, கணக்கு வழக்கெல்லாம் பார்க்கும் நிர்வாக அமைப்பு அது. வழக்கு நடந்த சர்க்யூட் கோர்ட் வேறு. பெயரை மட்டும் நம்பிப் பழைய ஆவணம் தேடப் போனால் இங்கேயே வழி தவறிவிடும்.

1846 ஏப்ரல் 6 அன்று ட்ரெட் ஸ்காட்டும் அவர் மனைவி ஹேரியட்டும் இதே சர்க்யூட் கோர்ட்டில் மனு கொடுத்தார்கள். ஸ்காட் போட்டது கையெழுத்தல்ல, பெருக்கல் குறி. தற்குறி என்று இன்று வசையாகச் சொல்கிறோமே, அதன் அசல் பொருளே இந்தக் குறிதான். 1857இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவரைக் குடிமகனே அல்ல என்றது. அந்தத் தீர்ப்பு எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. பாலி போன்றவர்களின் கட்டுகளோ நூற்றைம்பது வருடம் பெட்டிக்குள் கிடந்தன. 1990களில் மிசூரி மாநில ஆவணக் காப்பகம் பழைய காகிதங்களைப் பிரித்து ஒழுங்குபடுத்தியபோது 1814 முதல் 1860 வரையிலான முந்நூறுக்கும் மேற்பட்ட விடுதலை வழக்குகள் கிடைத்தன. அவை ஒருநாளும் ரகசியமாக இருந்ததில்லை. பிரித்துப் பார்க்கத்தான் ஆளில்லை.

இப்போது அவை இணையத்தில் இலவசம். இன்றைய வழக்குகள்தான் சிக்கல். ஃபெடரல் நீதிமன்ற ஆவணங்களுக்கு பேஸர் என்ற தளம், பக்கத்துக்கு 10 சென்ட். கவுண்டி வழக்குகள் அதில் வராது. சில மாநிலங்களில் ஒரே தேடுபெட்டி போதும். சில ஊர்களில் இன்னமும் கிளார்க் கவுண்டரில் போய் நிற்க வேண்டும். எங்கே போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: வழக்கு எண் என்ன, இல்லையென்றால் பெயர் என்ன?

லூசிக்காக வாதாடியவர் எட்வர்ட் பேட்ஸ். பின்னாளில் லிங்கனின் அட்டர்னி ஜெனரல். வழக்கில் பேசியதை வரிக்கு வரி எழுதிவைக்கும் வழக்கம் அந்த நீதிமன்றங்களில் அன்று இல்லை. பேட்ஸ் ஜூரியிடம் பேசியதைப் படிக்க வேண்டுமென்றால், லூசி நினைவிலிருந்து எழுதிய அந்தச் சின்னப் புத்தகத்துக்குத்தான் போக வேண்டும்.