ஷீஷ் மஹாலுக்குள் போனவர்கள்

1960 ஆகஸ்ட் முதல் வாரம். பம்பாயில் மழைக்காலம். பம்பாய் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கும் மராத்தா மந்திர் திரையரங்கின் வாசலில் நின்ற வரிசை இரவிலும் கலையவில்லை. நான்கு நாள், ஐந்து நாள் என்று அங்கேயே கிடந்தவர்கள் உண்டு. வேளாவேளைக்கு வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. முன்பதிவு தொடங்குவதற்கு முந்தைய நாள் திரண்ட கூட்டம் ஒரு லட்சம் என்று கணக்குச் சொல்கிறார்கள். தள்ளுமுள்ளு முற்றிப் போலீஸ் வர வேண்டியதாயிற்று. கடைசியில் மூன்று வாரத்துக்கு முன்பதிவையே நிறுத்தி வைத்தார்கள்.

வந்த படம் 'மொகல்-ஏ-ஆஸம்'. கே. ஆசிஃப் எடுத்தது. இளவரசன் சலீமுக்கும் அரண்மனை நாட்டியக்காரி அனார்கலிக்கும் இடையிலான காதல், அதற்குக் குறுக்கே நிற்கும் பேரரசர் அக்பர்.

கதையில் புதுமை ஏதுமில்லை. லாகூரில் வழங்கிவந்த அந்தக் கதையை இம்தியாஸ் அலி தாஜ் 1922-இல் நாடகமாக எழுதினார். மௌனப்பட காலத்திலேயே அது திரைக்கு வந்தது. 1953-இல் பீனா ராய் நடித்த 'அனார்கலி' வடக்கே ஓடு ஓடென்று ஓடியது. 1955-இல் நாகேஸ்வர ராவும் அஞ்சலி தேவியும் நடித்துத் தெலுங்கிலும் வந்தாயிற்று. ஆக, மழையில் நின்ற அத்தனை பேருக்கும் முடிவு வரை கதை தெரியும். திரௌபதி அம்மன் கோயில் திடலில் பாரதக் கூத்து பார்க்க விடிய விடிய உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கதை தெரியும்தானே? தெரிந்த கதை இந்தத் தடவை எப்படி அரங்கேறுகிறது என்பதைப் பார்க்கத்தான் ஜனங்கள் வந்தார்கள்.

அந்த எதிர்பார்ப்பு ஒரே நாளில் கூடியதன்று. ஆசிஃப் இந்தப் படத்தைத் தொடங்கியது 1944-இல். அப்போது அனார்கலியாக நடிக்க இருந்தவர் நர்கிஸ், அக்பராக நடிக்க இருந்தவர் சந்திரமோகன். 1947-இல் நாடு பிரிந்தபோது படத்துக்குப் பணம் போட்ட ஷிராஸ் அலி ஹக்கீம் பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். 1949-இல் சந்திரமோகன் இறந்தார். கட்டடத் தொழிலதிபர் ஷாபூர்ஜி பல்லோன்ஜி பணத்துடன் வந்த பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினார்கள். பிருத்விராஜ் கபூர் அக்பர், திலீப் குமார் சலீம், மதுபாலா அனார்கலி. உடைகளைத் தைக்க டெல்லித் தையல்காரர்கள், பூவேலைக்கு சூரத்காரர்கள், நகைக்கு ஹைதராபாத் பொற்கொல்லர்கள், காலணிக்கு ஆக்ரா. போர்க்காட்சிக்கு 2,000 ஒட்டகங்கள், 400 குதிரைகள். ஒவ்வொன்றைப் பற்றியும் செய்தி கசிந்து ஊரெல்லாம் பேச்சானது. பத்து வருடத்துக்கு மேல் காதால் மட்டுமே கேட்டுவந்த படத்தைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு வந்தபோது ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை.

பேச்சில் பெரும்பங்கு ஷீஷ் மஹாலுக்குத்தான். லாகூர்க் கோட்டையில் இருக்கும் கண்ணாடி மாளிகையை மனத்தில் வைத்து, மோகன் ஸ்டூடியோவில் எழுப்பிய அரங்கம் அது. 150 அடி நீளம், 80 அடி அகலம், 35 அடி உயரம். கட்டி முடிக்க இரண்டு வருடம். பெல்ஜியத்திலிருந்து தருவித்த வண்ணக் கண்ணாடிகளை ஃபிரோஸாபாத் கைவினைஞர்கள் ஒவ்வொன்றாகப் பதித்தார்கள். விளக்கைப் போட்டவுடன் வந்தது சிக்கல். ஆயிரக்கணக்கான கண்ணாடிகளும் ஒளியைத் திருப்பி அடித்தன. கேமராவுக்குக் கண் கூசியது. இதைப் படம்பிடிக்கவே முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஒளிப்பதிவாளர் ஆர்.டி. மாத்தூர் விளக்கை நேராக வீசாமல், துணியால் மூடி மட்டுப்படுத்தி, சிதறிவரும் ஒளியிலேயே படம்பிடித்தார். இந்தியத் திரை ஒளிப்பதிவில் இதற்கு ஈடாகச் சொல்லத்தக்க சாதனைகள் மிகச் சில.

இத்தனை பாடும் ஒரு பாட்டுக்காக. காதலித்தேன், இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று பேரரசரின் முகத்துக்கு நேரே அனார்கலி பாடுகிற பாட்டு. ஷகீல் பதாயுனி அதன் வரிகளை நூறு தடவைக்கு மேல் மாற்றி எழுதிய பிறகே இசையமைப்பாளர் நௌஷாத் ஒப்புக்கொண்டார் என்பார்கள். பாடியவர் லதா மங்கேஷ்கர். படத்தில் ஏறக்குறைய 85 விழுக்காடு கறுப்பு வெள்ளை. இந்தப் பாட்டு வரும்போது திரை வண்ணத்துக்கு மாறுகிறது. டெக்னிகலர் வந்துவிட்ட காலத்தில் முழுப் படத்தையும் வண்ணத்தில் திரும்ப எடுக்க ஆசிஃப் ஆசைப்பட்டார். இனியும் பொறுக்க முடியாது என்று விநியோகஸ்தர்கள் மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பு படத்துக்கு நன்மையாகவே முடிந்தது. மூன்றே கால் மணி நேரப் படத்தில் பாதிக்கு மேல் கறுப்பு வெள்ளையிலேயே பழகிவிட்ட கண்ணுக்கு, திடீரென்று சிவப்பும் பச்சையும் பொன்னும் கொட்டுகின்றன. கூரையில் இருக்கும் ஒவ்வொரு கண்ணாடிச் சில்லிலும் மதுபாலா சுழல்கிறார். அக்பர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அவளே தெரிகிறாள். ஒருத்தியைச் சிறையில் அடைக்கலாம். கண்ணாடிக்குள் இருக்கும் ஆயிரம் பேரை என்ன செய்வது? ஒரு வசனமும் இல்லாமல் படத்தின் முழுப் பொருளும் அந்த ஒரு காட்சியில் வந்து இறங்குகிறது. படம் முழுக்க வண்ணத்தில் இருந்திருந்தால் அந்த அதிர்வு பாதியாகியிருக்கும்.

ஜனங்கள் இன்னொன்றையும் அறிந்தே வந்தார்கள். திலீப் குமாரும் மதுபாலாவும் நிஜ வாழ்வில் காதலித்துப் பிரிந்தவர்கள். 1957-இல் 'நயா தௌர்' படம் தொடர்பான வழக்கில் திலீப் குமார், மதுபாலாவுக்கு எதிராகத் தயாரிப்பாளர் பி.ஆர். சோப்ரா பக்கம் சாட்சி சொன்னார். பத்திரிகைகள் அதை நாள்தோறும் எழுதின. அனார்கலியின் முகத்தில் சலீம் வெண்ணிற இறகால் வருடும் காட்சியை எடுத்தபோது இருவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை என்பது ஊர் அறிந்த செய்தி. மதுபாலாவுக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு. அந்த உடம்போடு, சிறைக் காட்சிகளுக்கு மெய்யான இரும்புச் சங்கிலியைச் சுமந்து நடித்தார். இவையெல்லாம் தெரிந்த பார்வையாளருக்கு, திரையில் ஓடுவது 16-ஆம் நூற்றாண்டுக் கதையாக மட்டும் இருந்திருக்க முடியாது.

ஆகஸ்ட் 5 அன்று மராத்தா மந்திர் ஒரு கோட்டையாகவே மாறியிருந்தது. வெளியே பிருத்விராஜ் கபூருக்கு 40 அடி உயர கட்அவுட். முன்கூடத்தில் மொகலாய அரண்மனை அலங்காரம். அழைப்பிதழ்கள் அரச ஓலை போல உருதுவில் எழுதிச் சுருட்டியவை. படப்பெட்டி அலங்கரித்த யானைமேல் ஏறி, ஷெனாய் முழங்க வந்தது. ஷீஷ் மஹால் அரங்கையும் திரையரங்குக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். டிக்கெட் வாங்கியவர்கள் அதற்குள் நடந்து பார்க்கலாம். டிக்கெட்டே படங்களும் குறிப்புகளும் அச்சிட்ட சிறு புத்தகம்போல் இருந்தது. ஒன்றரை ரூபாய்க்கு சினிமா பார்க்க முடிந்த அந்த நாளில் அதன் விலை 100 ரூபாய் என்கிறார்கள். 'படம் பார்க்கப் போகிறோம்' என்பதைவிட, 'அரண்மனைக்குப் போகிறோம்' என்ற நினைப்பிலேயே கூட்டம் உள்ளே நுழைந்தது.

படம் அங்கே மூன்று வருடம் ஓடியது. வசூலில் அதை மிஞ்ச 1975-இல் 'ஷோலே' வரவேண்டியிருந்தது.

தமிழ்நாட்டுக் கதை வேறு. ஆசிஃப் இதை இந்தி, தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிக்குமாகத் திட்டமிட்டு, காட்சிகளை மூன்று முறை எடுத்தார். தமிழ் வடிவம் 'அக்பர்' என்ற பெயரில் 1961-இல் வந்தது. கம்பதாசன் பாட்டெழுத, பி. சுசீலா பாடினார். படம் தோற்றது. அதோடு ஆங்கில முயற்சியையும் ஆசிஃப் கைவிட்டார். அதே கண்ணாடி, அதே மதுபாலா, அதே வண்ணம். பம்பாயில் லட்சம் பேரை இழுத்த ஒன்று இங்கே ஏன் இழுக்கவில்லை?

அந்த ஆண்டுத் தமிழ்ப் படங்களைப் பார்த்தால் ஒரு பதில் கிடைக்கிறது. 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' மூன்றும் வந்தது 1961-இல்தான். பீம்சிங்கும் சிவாஜியும் சேர்ந்து தமிழ்க் குடும்பங்களைக் கண்ணீர் விட வைத்துக்கொண்டிருந்த வருடம். தவிர, தமிழர்களுக்கு ஏற்கெனவே ஒரு சலீம் இருந்தான். 1954-இல் வந்த 'இல்லற ஜோதி' படத்துக்குள் கலைஞர் மு. கருணாநிதி எழுதிய 'அனார்கலி' நாடகம் ஒன்று வருகிறது. அதில் சிவாஜிதான் சலீம். அந்தத் தமிழையும் அந்தக் குரலையும் கேட்ட காதுக்கு, திலீப் குமாரின் உதட்டசைவில் ஒட்டவைத்த தமிழ் எப்படி இனிக்கும்? மூலப் பாடல்களோ ரேடியோ சிலோன் வழியாகத் தெற்கிலும் கேட்டுக்கொண்டிருந்தன. இந்திப் பாட்டை ரசிப்பவர் இந்திப் படத்துக்கே போய்விடுவார். தமிழ் வசனத்துக்கு உயிரைக் கொடுப்பவர் சிவாஜி படத்துக்குப் போய்விடுவார். 'அக்பர்' இரண்டுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. பிரம்மாண்டம் கண்ணை நிறைக்கும். தமிழ்நாட்டில் கொட்டகையை நிறைத்தது காதுக்கு வந்த தமிழ்.

'அக்பர்' வருவதற்குப் பதின்மூன்று வருடம் முன்பு எதிர்த்திசையில் ஒரு பயணம் நடந்தது. எஸ்.எஸ். வாசனின் 'சந்திரலேகா' 1948 ஏப்ரல் 9 அன்று தமிழில் வெளியானது. ராட்சத முரசுகள்மேல் நூற்றுக்கணக்கான பெண்கள் ஆட, முரசுக்குள்ளிருந்து வீரர்கள் குதித்து வரும் நடனம் இன்றும் பேசப்படுகிறது. வாசன் அதே வருடம் டிசம்பரில் இந்தி வடிவத்தை வெளியிட்டார். குரலை மட்டும் மாற்றி அனுப்பாமல், இந்தியில் எழுதத் தெரிந்தவர்களை எழுத வைத்தார். சில வேடங்களுக்கு இந்தி நடிகர்களையும் போட்டார். வடக்கே பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரங்கள் கொடுத்தார். வட இந்தியா அள்ளிக்கொண்டது. சென்னை ஸ்டூடியோக்கள் இந்திப் படம் எடுக்கும் காலம் அதிலிருந்துதான் சூடு பிடித்தது. வாசன் கேட்பவர் காதையும் கணக்கில் வைத்தார் என்பதுதான் இரண்டு பயணங்களுக்கும் உள்ள வேறுபாடு.

காதும் கண்ணும் சேர்ந்து கிறங்கிய ஊர் லாகூர். அனார்கலியின் பெயரில் கடைத்தெருவும், அவளுடையது என்று ஜனங்கள் நம்பும் சமாதியும் இருக்கும் ஊர். 1965 போருக்குப் பிறகு பாகிஸ்தானில் இந்தியப் படங்களுக்குத் தடை. 1976-இல் அமிர்தசரஸ் தூர்தர்ஷன் நிலையம் 'மொகல்-ஏ-ஆஸ'த்தை ஒளிபரப்பப் போகிறது என்ற செய்தி எல்லை தாண்டியது. அலைக்கு எல்லைக்கோடு கிடையாது. லாகூரில் அது தெளிவாகக் கிடைக்கும். கராச்சியிலிருந்து லாகூருக்கு விமான இடங்கள் பல நாள் முன்பே தீர்ந்தன. உறவினர் வீடுகள் நிறைந்து வழிந்தன. சாலைச் சந்திப்புகளில் தொலைக்காட்சிப் பெட்டிகளை வைத்தார்கள். அவற்றைச் சுற்றிக் கூட்டம். லாகூருக்கு வர முடியாதவர்கள் சமையலறைப் பாத்திரங்களைக் கம்பியில் கட்டி ஆன்டெனாவாக்கி மொட்டைமாடியில் நின்றார்கள். புள்ளி புள்ளியாகத் தெரியும் சின்னத் திரையில், கறுப்பு வெள்ளையில், ஷீஷ் மஹாலின் வண்ணங்களில் ஒன்றுகூடத் தெரிந்திருக்காது. அப்படியும் வந்தார்கள். இந்தப் படத்துக்குக் கிடைத்த வரவேற்புகளிலேயே மிகப் பெரியது பம்பாய் வரிசையன்று, இந்த லாகூர் இரவுதான்.

முழுக்க வண்ணம் ஏற்றிய பதிப்பு 2004 நவம்பர் 12 அன்று இந்தியாவில் வெளியாகி 25 வாரம் ஓடியது. 2006 ஏப்ரலில் பாகிஸ்தான் திரையரங்குகளுக்கும் முறைப்படி போனது. அதைக் காண மதுபாலாவும் இல்லை, ஆசிஃபும் இல்லை. மதுபாலா 1969-இல் 36 வயதில் மறைந்தார். ஆசிஃப் 1971-இல்.

திரை வரலாற்று நூல்கள் எடுத்தவர்களைப் பற்றி எழுதுகின்றன, நடித்தவர்களைப் பற்றி எழுதுகின்றன. பார்த்தவர்களைப் பற்றி அரிதாகவே எழுதுகின்றன. பம்பாய் வரிசையைப் பற்றி இத்தனை விவரம் கிடைப்பது, நின்றவர்களும் நடத்தியவர்களும் வாய்விட்டுச் சொன்னதால்தான். நம் ஊரில் 'அக்பர்' படத்துக்குக் கிடைத்த குறிப்பு 'தோல்வி' என்ற ஒரு சொல். அதைப் பார்த்தவர்கள் இன்று எண்பதை நெருங்கியிருப்பார்கள், தாண்டியும் இருப்பார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள்: எந்தக் கொட்டகை, யாரோடு போனார், தரை டிக்கெட்டா பெஞ்சா, திரை வண்ணத்துக்கு மாறியபோது பக்கத்தில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள். கேட்டதைத் தேதி போட்டு எழுதி வையுங்கள்.