இயந்திரத் தகடும் சாசனமே

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோவிலிலே முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உளது. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அச்சாசனம் உடைந்த கலங்களைக் குறித்து விதி செய்கின்றது. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கலம் கெட்டால் காற்பங்கு பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வாணிகச் சரக்கேற்றிய கலமாயின் பாதிக்குப் பாதி. கலம் இன்னதெனத் துணிந்த பின்னரே சட்டம் நடைபெறும். துணிபு பிழைத்தால் நீதியும் பிழைத்துவிடும்.

நேயர்களே, கல்லுக்கு ஏற்ற இம்முறை இரும்புக்கும் ஏற்றதே. யாழ்ப்பாணத்து வீதிகளில் ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகள் பல்லாண்டு வாழ்ந்தன. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்திலே பெற்றோலின்றி மண்ணெண்ணெயில் அவற்றை ஓட்டியவர் நம்மவர். புதிய உதிரிப்பாகம் வாராத நாட்களில், கிடைத்த பழம்பாகம் எவ்வண்டிக்கு உரியது என அறிவதே தொழிலாளியின் கல்வியாயிற்று.

அக்கல்விக்குக் கடினமான பாடமொன்று, ஆங்கிலேயரின் விளையாட்டு மோட்டார் வண்டிகளிற் காணப்படும் ஓவர்டிறைவ் என்னும் துணைக் கியர் ஆகும். டி நோர்மன்வில் என்பார் அமைத்த இதனை ஷெபீல்டு நகரத்து லேகொக் நிறுவனம் செய்து விற்றது. கியர்ப்பெட்டியின் பின்னே பொருந்தும் இதனுள் நடுவே ஒரு சூரியச் சக்கரமும், அதனைச் சுற்றிக் கோட்சக்கரங்களும், புறத்தே பல்வளையமும் உள. எண்ணெய் அழுத்தத்தால் கூம்பு வடிவக் கிளச்சு நகர்ந்து சூரியச் சக்கரத்தை நிறுத்தும். அப்பொழுது பல்வளையம் விரைந்து சுழலும். விகிதம் 0.82 ஆயின், 3,000 சுற்றில் ஓடிய எஞ்சின் அதே வேகத்துக்கு 2,460 சுற்றில் ஓடினாற் போதும். எரிபொருளும் எஞ்சினும் மிச்சமாகும்.

இவ்வினத்தில் ஏ, டி, எல்.எச்., ஜே எனப் பல வகைகள் உண்டு. 1953இல் வந்த ட்ரையம்ப் டி.ஆர். 2 வண்டிக்கு ஏ வகை. 1962இல் வந்த எம்.ஜி.பி.க்கு முதலில் டி வகை, 1967இன் பிற்பகுதி முதல் எல்.எச். வகை. ட்ரையம்ப் டி.ஆர். 6 வண்டியில் 1973 அளவில் ஏ நீங்கி ஜே புகுந்தது.

உடலில் அறைந்த தகட்டின் இலக்கமே முதற்சான்று. ஆயினும், தகடு தேய்ந்திருக்கலாம், கழன்றுமிருக்கலாம். அவ்வழி உருவமே சாசனம். ஏ வகையிலும் டி வகையிலும் மின்காந்தம் புறத்தே நின்று நெம்புகோலை இழுக்கும். டி உடல் சிறிது. எல்.எச். வகையில் அது உள்ளே மறைந்திருக்கும். தகடு ஒன்று கூற உருவம் வேறொன்று கூறுமாயின், உருவத்தையே நம்புதல் வேண்டும். தகட்டைப் பிறிதோர் உடலில் அறைதல் எளிது, உடலை மாற்றி வார்த்தல் எளிதன்று.

இதிற் பிழைத்தால் இழப்புண்டு. பின்னோக்கும் கியரில் ஓவர்டிறைவ் பிடித்தால் உட்பாகம் நொறுங்கும். அதனைத் தடுக்கவே கியர்ப்பெட்டியின்மேல் ஒரு சுவிட்சு வைக்கப்பட்டது. வகையறியாது கம்பி இணைப்பவர் அச்சுவிட்சைப் பயனற்றதாக்கி, மீண்டும் கிடைத்தற்கரிய பொருளை ஒரு நொடியில் இழப்பர்.

கல்வெட்டைப் படிப்போர் எழுத்தை மட்டும் நோக்காது, கல்லையும் அது நின்ற இடத்தையும் நோக்குவர். பழைய இயந்திரத்தைக் காப்போருக்கும் அதுவே நெறி.