கரி நுண்குழலும் கீழடிப் பானையும்

கீழடிப் பானையோட்டில் கரி நுண்குழல் காணப்பட்டது என்னும் செய்தி வந்த நாள்முதல், திருவனந்தபுரத்து நம் குடியிருப்பில் "முன்னோர் அறியாத அறிவியல் உண்டோ?" என்னும் பேச்சு ஓயவில்லை. ஆதலின் அக்குழலின் வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

1952-இலேயே ருஷ்ய அறிஞர் இருவர் உள்ளீடற்ற கரியிழைகளின் படத்தை வெளியிட்டனர். உலகம் அதனைக் கவனியாது விட்டது. 1991-இல் ஜப்பானிய அறிஞர் சுமியோ இஜிமா, இரு கரிக்கோல்களுக்கிடையே மின்வில் எழுப்பி, எதிர்முனையில் படிந்த கரியில், மயிரினும் ஆயிரக்கணக்கான மடங்கு நுண்ணிய குழல்களைக் கண்டார். பணிமனையில் இரும்பைப் பற்றவைப்போர் எழுப்பும் கண்கூசும் ஒளியும் மின்வில்லே.

அம்முறைக்குக் காற்று நீக்கிய கலமும் மந்த வாயுவும் வேண்டும், செலவு மிகுதி. 2000-இல் அமெரிக்க ஆய்வாளர் மின்வில்லைத் திரவ நைட்ரஜனுள் எழுப்பினர். மறு ஆண்டு சானோ முதலியோர் நீருள்ளேயே எழுப்பினர்! நீரே காற்றைத் தடுத்தது, சூட்டையும் தணித்தது. வெங்காயம்போல் அடுக்கடுக்கான கரியுருண்டைகள் நீர்மேல் மிதந்தன. நுண்குழல்களும் பின்னர் அவ்வழியே கிட்டின.

கீழடியிலோ, கி.மு. 6-ஆம் நூற்றாண்டினது எனக் கணிக்கப்பெற்ற ஓடுகளின் உட்புறக் கரும்பூச்சில் அக்குழல்கள் இருப்பதை வேலூர் ஆய்வாளர் 2020-இல் வெளியிட்டனர். தழைச்சாறு சூளையில் வெந்து அவ்வாறு மாறியிருக்கலாம் என்பது அவர்தம் கருத்து. குயவர் குழலை அறிந்து செய்தனர் என நாம் கூறோம். அவர் நாடியது நல்ல பூச்சு ஒன்றே. ஆனால் அப்பூச்சு 2500 ஆண்டுகள் மண்ணுள் கிடந்தும் உதிரவில்லை.